காலாண்டு அக்காவின் கடைசிக் கேள்வி

பெட்டிக்காரி வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாளாம்.

காபி மெஷினைப் பழுது பார்க்க வந்தவர்தான் சொன்னார். அவருக்குச் சொன்னது எதிர்க் கட்டடத்து வங்கியில் வரவேற்பு மேசையில் உட்காரும் பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. வதந்திக்கு அப்பன் பேர் கேட்கக் கூடாது. வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டியதுதான்.

"அட, நிஜமாவா?" என்றாள் காலாண்டு அக்கா.

"எனக்கென்ன மேடம் தெரியும்? நான் மெஷினுக்குள்ள தலைய விட்டவன். காதுல விழுந்ததைச் சொன்னேன்," என்றவர் மறுபடி தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

வேறு எந்த அலுவலகத்திலும் இது சிரித்த முகத்தோடு கேட்க வேண்டிய செய்தி. இந்த ஏழாம் மாடியில் அப்படி இல்லை. இவர்களுடைய தொழில், புதிதாகப் பிறக்கும் கம்பெனிகளில் பங்கு எடுத்துக்கொண்டு பணம் போடுவது. போட்டது முழுகிப் போனால் ஒரு பெருமூச்சு, பிறகு அடுத்த வேலை. பாதி முழுகும் என்று தெரிந்துதான் போடுகிறார்கள். ஆனால் ஒரு கம்பெனி நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, போட்டதற்குக் கொஞ்சம் மேலே போட்டுக் கொடுத்துக் கும்பிட்டு விடைபெறுகிறது என்றால் எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். பந்தயக் குதிரை என்று வாங்கியது, வண்டி இழுத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன மாதிரி.

அலுவலக நடையில் ஒரு நீள அலமாரி உண்டு. பணம் வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் தன் முத்திரை போட்ட கோப்பை ஒன்றைக் கொடுக்கும். அது அங்கே ஏறி உட்காரும். கம்பெனி செத்தால் கோப்பை இறங்கி உழைக்கப் போய்விடும். ஒன்றில் பேனாக்கள், ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் யாரோ வளர்க்கும் கள்ளிச்செடி. வீடு தேடி வந்து நாய்க்கு முடி வெட்டுவோம் என்று கிளம்பிய கம்பெனியின் கோப்பையில் இப்போது பல்குத்தும் குச்சிகள். இருபத்து மூன்று கம்பெனிகளில் பதினொன்று இப்படி இறங்கிவிட்டன.

பெட்டிக்காரி மட்டும் கோப்பை கொடுக்கவில்லை. நோயாளிகளின் வீட்டுக்கு மருந்தைக் குளிர் குறையாமல் எடுத்துப் போகும் பெட்டி செய்கிறவள் அவள். ஒரு சின்னப் பெட்டியையே கொடுத்துவிட்டாள். காபிக்கான பால் அதற்குள்தான் இருக்கும். ஒரு தடவை ஃப்ரிட்ஜ் நின்றுபோய் இரண்டு நாள் ஆகியும் பால் கெடவில்லை. "நம்ம அலமாரியில உருப்படியா வேலை செய்யற சாமான் இது ஒண்ணுதான்," என்று காலாண்டு அக்கா அன்றைக்குச் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், மூணு சாரைத் தவிர.

மூணு சார் இந்த ஃபண்டின் தலைவர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை உட்கார வைத்து ஒரே பாடத்தை எட்டு வருஷமாகச் சொல்லி இந்தப் பெயரைச் சம்பாதித்தார். பத்துக் கம்பெனியில் போட்டால் ஐந்து சாகும். மூன்றோ நாலோ தட்டுத்தடுமாறிப் போட்டதைத் திருப்பும். மிச்சமுள்ள ஒன்றோ இரண்டோ மற்ற எல்லாரையும் முதுகில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எது ஓடும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் வாசலில் வருகிற ஒவ்வொருவரையும் 'நீ பத்து மடங்கு ஆவாயா?' என்று கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும். அப்படிக் கேட்டால்தான் பத்து வருஷ முடிவில் மொத்தத்துக்கு மூன்று மடங்கு தேறும். "மூணு வரலைன்னா, நம்மகிட்ட பணம் குடுத்தவங்க அதை பேங்க்லயே போட்டுட்டு நிம்மதியா தூங்கியிருக்கலாம்," என்று முடிப்பார்.

காலாண்டு அக்காவுக்கும் பெயர் தொழிலால் வந்ததுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயிரோடிருக்கிற கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டு, விற்பனை, செலவு, ஆள்கணக்கு எல்லாம் கேட்டு, ஒவ்வொன்றின் பங்கும் இன்றைக்கு என்ன பெறும் என்று எழுதுவது அவள் வேலை. போட்டதற்கு எத்தனை மடங்கு என்று ஒரே ஒரு எண். அந்த எண்களின் கூட்டுத்தொகைதான் பணம் கொடுத்தவர்களுக்குப் போகும். பணத்தில் பாதிக்கு மேல் ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து வந்தது.

அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் தீவிபத்து நஷ்டத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்தாள். எரிந்த கிடங்குக்குள் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு நுழைவாள். அவளுடைய புருஷன் பொய்ப்பல் செய்கிற தொழில்நுட்பக்காரர், வாயும் அதற்கேற்ற மாதிரி. "முன்னாடி எரிஞ்சு போனதுக்கு விலை போட்ட. இப்ப இன்னும் பொறக்காததுக்கு விலை போடுற. நடுவுல உசுரோட இருக்கறதுக்கு எப்பதான் விலை போடப்போற?" என்று கேட்பார். உசுரோட இருப்பது என்று அவர் சொல்வது தன்னைத்தான்.

அந்தப் பழைய வேலையிலிருந்து அவள் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். கடை எரிந்துபோனவரிடம், "இது எரியாம இருந்திருந்தா, நீங்களே இதை என்ன விலைக்கு வாங்குவீங்க?" என்று கேட்பாள். அழுதுகொண்டிருப்பவரும் ஒரு நொடி நின்று யோசிப்பார். உண்மை விலை அந்த இடைவெளியில்தான் வரும். இங்கேயும் ஒவ்வொரு காலாண்டுப் பேச்சையும் அதிலேயே முடிப்பாள்: "கடைசியா ஒண்ணு. இந்தக் கம்பெனியில எங்க பங்கை இன்னிக்கு நீங்களே வாங்கணும்னா, நாங்க போட்டதுக்கு எத்தனை மடங்கு குடுப்பீங்க?" படிவத்தில் இல்லாத கேள்வி அது. இருபது என்பார்கள், ஐம்பது என்பார்கள், ஒருவன் "என் கிட்னியைக் குடுப்பேன்க்கா" என்றான். அவள் பதிலை எழுத மாட்டாள். சிரிப்பு எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வாள்.

இந்தக் காலாண்டில் பெட்டிக்காரிக்குப் போன் போட்டபோது வதந்தி நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் முறை தவறாமல் கேட்டாள். விற்பனை போன வருஷத்தைவிடப் பன்னிரண்டு சதவீதம் கூட. லாபம் உண்டு. பட்டறையில் நாற்பது பேர். எல்லாம் சொல்லி முடித்ததும் வழக்கமான கேள்வி வாயிலிருந்து தானாகவே விழுந்தது.

பெட்டிக்காரி சிரிக்கவில்லை.

"ரெண்டு மடங்குக்கா."

"என்னது?"

"ஒவ்வொரு தடவையும் கேக்கறீங்களே. நானும் ரெண்டு வருஷமா யோசிச்சுட்டே இருந்தேன். நீங்க போட்டதுக்கு ரெண்டு மடங்கு. பேங்க்ல பேசிட்டேன், கடன் குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க. மாசக் கடைசி வரைக்கும்தான் அந்தப் பேச்சு நிக்கும். உங்க பங்கை எனக்கே குடுத்துடுங்க."

காலாண்டு அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "அடியே, அது சும்மா கேக்கற கேள்விடி."

"சும்மா கேக்கற கேள்வியா? எனக்குத் தெரியலையேக்கா. நீங்க எதையும் சும்மா கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

விஷயம் அங்கேதான் சிக்கியது. இவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: ஒரு பங்கை வாங்க ஒருவர் உண்மையான பணத்தோடு முன்வந்தால், அதைக் காதில் வாங்காத மாதிரி இருக்க முடியாது. கேட்டவள் அவள், பதில் வந்துவிட்டது, பதிலுக்குப் பின்னால் வங்கியும் நிற்கிறது. இனி எழுதத்தான் வேண்டும். ஆனால் பெட்டிக்காரியின் பேருக்கு எதிரே போன காலாண்டில் அவள் எழுதியிருந்த எண் ஆறு.

ஆறு வந்த கதையை மறைக்க ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு லாரிக் கம்பெனி பெட்டிக்காரியின் பங்கில் ஒரு சின்னத் துண்டை வாங்கியது. நூற்றில் இரண்டு பங்குதான். விலை மட்டும் தலைசுற்றுகிற விலை. கடைசியாக விற்ற விலையை மொத்தத்துக்கும் வைத்துப் பெருக்குவது இந்தத் தொழிலின் வழக்கம். அவளும் பெருக்கினாள். ஒரு கதவை அதிக விலைக்கு வாங்கினவனைக் காட்டி வீட்டுக்கே அந்த விலை போட்டது போலத்தான். தணிக்கைக்காரர் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை மூணு சார் எல்லோருக்கும் கேக் வாங்கினார்.

பெட்டிக்காரியோடு போனில் பேசிய மறுநாள் அவள் பட்டறைக்கே போனாள். மதிப்பிடுகிறவள் தரையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பழைய பழக்கம். தரை சுத்தமாக இருந்தது. நீள மேசைகளின் இரண்டு பக்கமும் பெண்கள் மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டியதும் மூடி மேல் கன்னத்தை வைத்துப் பார்ப்பார்கள், காற்று கசிகிறதா என்று. கருவி இருக்கிறது, ஆனாலும் கன்னம் முந்திக்கொள்கிறது.

பெட்டிக்காரி நாற்பதைத் தாண்டாதவள், கையெல்லாம் பசை. ஒரு கவிழ்த்த பெட்டியைத் தள்ளி, "உக்காருங்கக்கா, தாங்கும்," என்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? லாரிக்காரன் ஆறு மடங்குக் கணக்குல வாங்கினானே. நீ ரெண்டுன்னா எப்படி?"

"அது விலையாக்கா? அவனுக்கு என் பெட்டி மொதல்ல கிடைக்கணும், வரிசையில நிக்கக் கூடாது. அதுக்குக் குடுத்த காசு அது. பங்குன்னு பேர் வச்சா வாங்கிக்குவேன்னு தெரிஞ்சு பங்குன்னான்."

"வாங்கினப்ப நீயும்தானே சந்தோஷப்பட்ட."

"பட்டேன். இல்லேன்னு சொல்லல. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த ஆறு என் கழுத்துல தொங்குதுன்னு. அன்னிலேர்ந்து சார் பேசறதே வேற மாதிரி ஆயிடுச்சு. எட்டு நாட்டுல கடை திற, இன்னொரு ரவுண்டு பணம் வாங்கு, ஆளை மூணு மடங்காக்கு. குருவி தலையில பனங்காய் வச்ச மாதிரி." அவள் பசையைத் துணியில் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த மாசக் கூட்டத்துல என்னை எடுத்துட்டு வேற ஆளை நாற்காலியில உக்கார வைக்கப் போறாங்களாமே. ஒப்பந்தத்துல அந்த உரிமை உங்க ஃபண்டுக்கு இருக்கு. நான்தான் கையெழுத்துப் போட்டேன், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி வாங்கிடணும்க்கா. உங்க எண்ணு ஆறாவே இருந்தா சார் ரெண்டுக்குத் தலையாட்ட மாட்டார். அது உங்க கையிலதான் இருக்கு."

"என் கையில ஒண்ணும் இல்லடி. நான் வெறும் எண்ணு எழுதறவ."

"அதைத்தான்க்கா சொல்றேன்."

அலுவலகத்துக்குத் திரும்பிய அவள் அன்று முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. வாங்குகிறவள் விலையைக் குறைத்துத்தான் சொல்வாள். அந்த இரண்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ள அவள் குழந்தை இல்லை. லாபத்தை வைத்து ஒரு வழியில் பார்த்தாள். இதே மாதிரிச் சின்னத் தொழில்கள் என்ன விலைக்குக் கைமாறின என்று தேடி இன்னொரு வழியில் பார்த்தாள். இரண்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டரைக்குக் கீழேயே சுற்றிச் சுற்றி வந்தது. எரிந்த கிடங்கில் ஒரு வசதி இருந்தது: சாம்பலை விரலால் தொட்டு இதுதான் என்று காட்டலாம். இங்கே ஆறு என்பதும் பொய்யில்லை, ஒருவன் கொடுத்திருக்கிறான். இரண்டு என்பதும் முழு உண்மையில்லை. யாருக்கு, எப்போது, எதற்காக என்று கேட்காமல் ஒரு விலையைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாதா என்று அவள் எத்தனையோ வருஷமாக யோசிக்கிறாள்.

வீட்டில் சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, ஏழு வருஷத்துல பணம் ரெண்டு மடங்கானா நல்லதா கெட்டதா?"

"எனக்கு ஆகியிருந்தா நான் ஏன் இன்னும் பல்லு கட்டிக்கிட்டு இருக்கேன்?"

"விளையாடாதீங்க. வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வரும். ஊர்ல யாரைக் கேட்டாலும் நல்லதுன்னு சொல்வாங்க. எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு நடைபிணம்."

"அப்ப ஆறு?"

"ஆறு பேப்பர்ல இருக்கு. இன்னும் யாரும் கையில குடுக்கல."

"ஏட்டுச் சுரைக்காய்க்கு எதுக்கடி இவ்வளவு சண்டை?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "சரி, நெஜமா என்ன பயம் உனக்கு?"

"அடுத்த ஃபண்டுக்கு சார் பணம் திரட்டிக்கிட்டிருக்கார். அது வந்தாதான் எனக்கு வேலை. நாங்க காட்டற எண்ணுல ரெண்டாவது பெரிய எண்ணு அந்த ஆறு. அதை நான் ரெண்டுன்னு எழுதினா, எங்க சோத்துல நானே மண்ணைப் போட்டுக்கற மாதிரி."

அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "பல்லு செட் பொருந்தலைன்னா நான் ராவி ராவிச் சரி பண்ணுவேன். வாயை ராவ மாட்டேன்," என்றார். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மனுஷனுக்கு எதைச் சொன்னாலும் பல்லில்தான் போய் முடியும்.

மறுநாள் காலை பெட்டிக்காரியின் பேருக்கு எதிரே இருந்த கட்டத்தில் இரண்டு என்று எழுதி, காரணங்களையும் சேர்த்து அனுப்பினாள். கால் மணியில் மூணு சார் கூப்பிட்டார்.

அவருடைய அறை கண்ணாடி அறை. கோபம் கூட மெதுவாகத்தான் பட வேண்டியிருக்கும்.

"என்னம்மா இது?"

"வாங்க ஆள் வந்திருக்கு சார். பணத்தோட. எழுதாம இருக்க முடியாது."

"நீங்க கேக்காம இருந்திருந்தா வந்திருக்காது."

"ஆமா சார்."

அவர் எழுந்து கண்ணாடி வழியே அலமாரியைக் காட்டினார். "அங்க இருந்து பதினோரு கோப்பை இறங்கிடுச்சு. அதுல போன பணத்துக்கு யார் பதில் சொல்றது? செத்தவங்ககிட்டப் போய்க் கேக்க முடியுமா? பொழைச்சவங்கதாம்மா செத்தவங்க கணக்கையும் சேர்த்துத் தீர்க்கணும். அப்படித்தான் இந்தத் தொழிலே நிக்குது. நல்லா ஓடற ஒண்ணு ரெண்டு மடங்குல ஒதுங்கிட்டா, நான் வாத்தியாருங்க பணத்துக்கு எங்க போவேன்?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு கண்ணி கூடத் தப்பில்லை. சங்கிலி மட்டும் போய்ப் பெட்டிக்காரியின் காலைச் சுற்றியது.

"சார், அவ செஞ்ச தப்பு என்ன? பொழைச்சதுதானே?"

அவர் அலமாரியைக் காட்டிய கையைக் கீழே இறக்கினார்.

"வாத்தியாருங்க பணம்னு சொல்றீங்க. அந்த ஓய்வூதிய நிதி மேடம் ஒவ்வொரு கூட்டத்துலயும் என்ன கேக்கறாங்க? பேப்பர்ல இருக்கறது இருக்கட்டும், கைக்கு எவ்வளவு வந்துச்சுன்னுதானே? நூறு குடுத்தாங்க. எட்டு வருஷத்துல நாப்பதுதான் கைக்குப் போயிருக்கு. இவ குடுக்கறதைச் சேர்த்தா அறுபது."

"பேப்பர்ல எரநூத்து நாப்பது, எரநூறா இறங்கும். அதையும் சொல்லுங்க."

"சொல்றேன் சார். ரெண்டையும் சொல்றேன்."

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். மேசை மேலிருந்த கோப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அது எந்தச் செத்த கம்பெனியின் கோப்பை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"சரி. பணம் குடுத்தவங்களோட ஆலோசனைக் குழுவுக்கு அந்தம்மாதான் தலைவி. நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. அவங்க வித்துடலாம்னா நான் இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். வேண்டாம்னா பழைய திட்டம்தான், அடுத்த மாசம் புது ஆள். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அடுத்த ஃபண்டுக்குப் பணம் குடுக்கறதா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கறதும் அதே அம்மாதான்."

மாதக் கடைசி நாள் அது. வங்கி சாயங்காலம் வரைதான். பெட்டிக்காரி காலையிலேயே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: 'அக்கா, பேங்க்ல உக்காந்திருக்கேன். தண்ணி கூடக் குடிக்கல.' பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இவள் 'தண்ணியைக் குடி' என்று மட்டும் எழுதினாள்.

பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். எட்டு வருஷமாக எத்தனை பேருக்குப் போன் போட்டிருக்கிறாள். எந்தப் போனுக்கும் முன்னால் இப்படி ஒத்திகை பார்த்ததில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதலில் இருநூற்று நாற்பது இருநூறாகும் என்பதா, நாற்பது அறுபதாகும் என்பதா? எதை முதலில் சொல்கிறோமோ அதுதான் காதில் தங்கும். இறங்குவதையே முதலில் சொல்வது என்று முடிவு செய்தாள். பிறகு உயர்வது. அதற்கப்புறம் கடைசியாக அந்தக் கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: மேடம், இந்தப் பங்கை இன்னிக்கு நீங்களே வாங்கணும்னா எத்தனை மடங்கு குடுப்பீங்க? இந்தத் தடவை சும்மா கேட்க மாட்டாள்.

எண்ணை அழுத்தினாள். மணி போயிற்று. நடையில் காபி மெஷின் சரியாகிப் புஸ்ஸென்று ஆவி விட்டது. யாரோ பெட்டியின் மூடியைத் திறந்து பாலை எடுத்துவிட்டு, அழுத்தி மூடுகிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூணு சார் எதையோ படிப்பது போல் குனிந்திருந்தார்; ஒரு பக்கம் கூடப் புரளவில்லை.

நாலாவது மணி. காதிலிருந்த போன் ஒருமுறை உறுமியது. விலக்கிப் பார்த்தாள். நடுவில் இன்னொரு அழைப்பு, பெட்டிக்காரி. அதை எடுத்தால் இது அறுந்துபோகும். எடுத்தாலும் சொல்ல இன்னும் ஒன்றும் இல்லை.

போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.